மாஸ்டர் இல்லாத மேசை: டேபிள்டாப் விதிகளை ஆன்லைன் ஆட்டத்துக்கு மாற்றுவது எப்படி?

மேசையைச் சுற்றி ஐந்து பேர். நால்வர் ஆட்டக்காரர்கள், ஒருவர் கேம் மாஸ்டர். கதையில் இப்போது ஒரு கோட்டையின் விருந்து மண்டபம். கதவருகே மூன்று காவலர்கள் நிற்கிறார்கள். ஓர் ஆட்டக்காரர் சொல்கிறார்: "மேல ஒரு சரவிளக்கு தொங்குதுன்னு சொன்னியே, அந்தக் கயிறை அறுத்து விடறேன். விளக்கு அவங்க தலையில விழட்டும்." விதிப் புத்தகத்தில் சரவிளக்கைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. மாஸ்டர் ஓரிரு விநாடி யோசிக்கிறார். "சரி, பகடையை உருட்டு. பதினஞ்சோ அதுக்கு மேலயோ விழுந்தா மூணு பேரும் மாட்டுவாங்க."

அந்த ஓரிரு விநாடியில் நடந்ததைக் கவனியுங்கள். மாஸ்டர் ஒரு புது விதியை உண்டாக்கினார், அது எவ்வளவு கடினம் என்று ஓர் எண் வைத்தார், பலனையும் முடிவு செய்தார். யாரும் மறுத்துப் பேசவில்லை. இதே ஆட்டத்தை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடும் ஆன்லைன் உலகத்துக்குக் கொண்டுபோனால், அப்படி யோசிக்க அங்கே ஆளே இல்லை. சர்வர் மட்டும்தான் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது முன்கூட்டியே எழுதிவைத்தது மட்டும்.

டேபிள்டாப் விதிகளை ஆன்லைனுக்கு மாற்றுவது என்றால் விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக நிரலாக எழுதுவதுதான் என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் புத்தகம் பாதி ஆட்டம்தான். மீதிப் பாதி மாஸ்டரின் தலைக்குள் இருக்கிறது. அந்த மீதிப் பாதியை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

புத்தகத்தில் எழுதாத வேலை

டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம் ஆடிப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர், இப்படி. அந்தப் பாத்திரத்தின் பலம், வேகம், அறிவு எல்லாம் எண்களாக ஒரு தாளில் இருக்கும். என்ன செய்யப்போகிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருளும். மாஸ்டர் கதை சொல்வார், எதிரிகளை நடத்துவார், தீர்ப்பும் சொல்வார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து அது பிறந்தது.

கணக்கு எளிதானது. உங்கள் வீரருக்குத் தாக்குதலில் கூடுதல் 5 என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் கவச எண் 15; பகடையில் விழுவதும் அந்த 5-ம் சேர்ந்து அதைத் தொட வேண்டும். இருபது முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். இருபதில் பதினொரு முகங்கள் உங்களுக்குச் சாதகம்; அதாவது 55 சதவீதம். இந்தக் கூட்டல் கணினிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் இந்த விதிகள் மிகச் சீக்கிரமே கணினிக்குள் போய்விட்டன. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற எழுத்து வடிவ ஆட்டத்தில் பலர் ஒரே உலகத்துக்குள் சேர்ந்து உலாவினார்கள். 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் எழுதிய டிகுமட், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பாணி விதிகளை அப்படிப்பட்ட உலகத்துக்குள் கொண்டுவந்தது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தின் அடிப்படை அமைப்பில் டிகுமட்டின் சாயலை நன்றாகவே பார்க்கலாம். லெவல் (பாத்திரம் வளரும் படி), ஹிட் பாயிண்ட் (உயிரின் அளவு), கிளாஸ் (பாத்திர வகை) என்று இன்று எந்த ஆன்லைன் ஆட்டத்திலும் புழங்கும் சொற்கள் அந்த மேசையிலிருந்து வந்தவைதான்.

எண்கள் எளிதாக வந்துவிட்டன. மாஸ்டர் வரவில்லை. அவர் செய்த வேலைகளை யோசித்துப் பாருங்கள். எதிரி யாரை அடிக்கும் என்று முடிவு செய்தார். நான்கு பேரும் சோர்ந்துபோனால் ஓர் அரக்கனைக் குறைத்துக்கொண்டார். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் பேசாமல் இருப்பவர் பக்கம் கதையைத் திருப்பினார். விதியில் ஓட்டை கண்டுபிடித்து ஒருவர் லாபம் பார்க்கத் தொடங்கினால், "இனிமே அது செல்லாது" என்று சொன்னார். இவற்றில் ஒன்றுகூடப் புத்தகத்தில் சூத்திரமாக இல்லை.

முதல் வேலையையே எடுத்துக்கொள்வோம். மேசையில் ஓநாய் யார் மேல் பாயும்? மாஸ்டர் சூழ்நிலையைப் பார்த்துச் சொல்வார். ஆன்லைனில் அதற்கு ஓர் எண் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் 'அக்ரோ' அல்லது 'த்ரெட்' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் கோபக் கணக்கு. யார் எவ்வளவு அடித்தார்கள், யார் யாரைக் குணப்படுத்தினார்கள் என்று எதிரி மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கும். முதலிடத்தில் இருப்பவரைத் தாக்கும். அந்தக் கோபத்தைத் தன் பக்கம் இழுத்துத் தாங்குபவர் டேங்க், அவரைக் காப்பாற்றுபவர் ஹீலர், மற்றவர்கள் அடிப்பவர்கள் என்று வேலைப் பிரிவினையே அதைச் சுற்றி வளர்ந்தது. மாஸ்டரின் ஒரே ஒரு தீர்ப்பை எண்ணாக மாற்றியதில் ஒரு தலைமுறை ஆட்டங்களின் போர்முறையே உருவாகிவிட்டது. விதி மாற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. எழுதப்படாத ஒன்றை எழுதி வைத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை.

பகடை யார் கையில்?

மேசையில் பகடை எல்லார் கண்முன்னாலும் உருளும். ஆன்லைனில் அது எங்கே உருள வேண்டும்? ஒரே பதில்தான்: சர்வரில். ஆட்டக்காரரின் கணினியில் உருட்டி "எனக்கு 20 விழுந்தது" என்று சர்வருக்குச் செய்தி அனுப்பும்படி வைத்தால், அந்தச் செய்தியைத் திருத்தத் தெரிந்த முதல் ஆளுக்கு எப்போதும் 20 விழும். ஆட்டக்காரர் "இவனை அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லட்டும். அடி பட்டதா, எவ்வளவு என்பதைச் சர்வர் சொல்லட்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இதை ஒரு கட்டளையாகவே மனதில் வையுங்கள்.

அடுத்தது, எத்தனை தடவை உருள்கிறது என்பது. புதிதாக வருபவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஒரு மேசையில் ஒரு நாள் ஆட்டத்தில் 200 தடவை பகடை உருள்கிறது, வாரத்துக்கு ஒரு நாள் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது முகப் பகடையில் தொடர்ந்து ஐந்து தடவை 1 விழும் வாய்ப்பு 32 லட்சத்தில் ஒன்று. அந்த மேசையில் அது நடக்க ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆகும். இப்போது ஆயிரம் பேர் ஆடும் ஒரு சர்வரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நூறு தடவை என்றால் ஒரே இரவில் ஒரு லட்சம் உருட்டல். அதே ஐந்து ஒன்றுகள் சுமார் மாதத்துக்கு ஒரு தடவை யாரோ ஒருவருக்கு விழும். அந்த ஒருவர் சர்வர் கெட்டுப்போய்விட்டது என்றே நம்புவார். அவர் நம்புவதில் தவறும் இல்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்.

மேசையில் மூன்று தடவை அடி தவறினால் மாஸ்டர் அதைக் கதையாக்கிவிடுவார்: "மழையில உன் கைப்பிடி வழுக்குது." எல்லாரும் சிரிப்பார்கள். ஆன்லைனில் திரையில் 'தவறியது, தவறியது, தவறியது' என்று மட்டும் வரும். 55 சதவீத வாய்ப்பில் மூன்று தடவை தொடர்ந்து தவறுவது பதினொன்றில் ஒரு முறை நடக்கக்கூடிய சாதாரண விஷயம். ஆனால் தனியாகத் திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கு அது அநியாயமாகத் தெரியும்.

இதற்கு இரண்டு மூன்று வழிகளைப் பலரும் கையாண்டிருக்கிறார்கள். ஒன்று, தவறுவதைக் குறைத்து, அடியின் அளவில் ஏற்ற இறக்கத்தை வைப்பது. இன்னொன்று, பகடைக்கு நினைவாற்றல் கொடுப்பது. டோட்டா 2 ஆட்டத்தில் 25 சதவீத வாய்ப்பு என்று சொல்லப்படும் பல திறன்கள் உண்மையில் முதல் தடவை சுமார் 8.5 சதவீதத்தில் தொடங்கும். பலிக்காத ஒவ்வொரு தடவையும் வாய்ப்பு அதே அளவு கூடிக்கொண்டே போகும். பலித்ததும் பழையபடி கீழே இறங்கும். நீண்ட கணக்கில் சராசரி 25தான், ஆனால் ரொம்ப நேரம் வறட்சியும் இல்லை, அடுத்தடுத்து மழையும் இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பை வைத்து 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஆட்டத்திலும் 'கார்மிக் டைஸ்' என்று இதே நோக்கத்தில் ஓர் அமைப்பு உண்டு. வேண்டாதவர்கள் அதை அணைத்துவிட்டு நேரான பகடையையே வைத்துக்கொள்ளலாம். அப்படித் தேர்வைக் கையில் கொடுப்பது நியாயமான வழி என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வழி, பகடையையே மாற்றுவது. ஓர் இருபது முகப் பகடைக்குப் பதில் மூன்று ஆறு முகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் சராசரி இரண்டிலும் 10.5தான். ஆனால் முதலாவதில் 9 முதல் 12 வரை விழுவது 20 சதவீதம். இரண்டாவதில் 48 சதவீதம். உச்சமான 18 விழுவதோ 216-இல் ஒன்று. திறமை அதிகம் பேச வேண்டும், அதிர்ஷ்டம் அடங்கியிருக்க வேண்டும் என்றால் இது நல்லது. ஆனால் கவனம்: இருபது முகப் பகடையில் கூடுதல் 1 என்பது அநேகமாக எப்போதும் 5 சதவீதம். மூன்று பகடையில் அது நடுவில் பெரிதாகவும் ஓரத்தில் சிறிதாகவும் இருக்கும். புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு கூடுதலையும் அப்புறம் மறுபடி எடைபோட வேண்டிவரும்.

காட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2006-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன இருபது முகப் பகடை உருளும். தேவையே இல்லாத அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் சர்வருக்குள் மறைந்துபோன பகடையை அது மறுபடி கண்முன் கொண்டுவருகிறது. எண் தெரிந்தால் தோல்வியை ஏற்றுக்கொள்வது சுலபம்.

காத்திருக்க முடியாத நேரம்

ஐந்தாம் பதிப்பு விதிப்படி போரில் ஒரு சுற்று என்பது கதையில் ஆறு விநாடி. மேசையில் அந்த ஆறு விநாடியை ஆடி முடிக்கப் பத்து, இருபது நிமிடம்கூட ஆகும். யாரும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் மற்றவரின் முறையையும் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள், யோசனை சொல்கிறார்கள். ஆன்லைனில் முகம் தெரியாத ஒருவர் யோசித்துக்கொண்டிருக்க நீங்கள் மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும் என்றால் வேறு ஜன்னலைத் திறந்துவிடுவீர்கள்.

ஆகவே முறை என்பதை என்ன செய்வது? பால்டர்ஸ் கேட் 3 அதிகபட்சம் நான்கு பேர் சேர்ந்து ஆடுவது. அது முறையை அப்படியே வைத்துக்கொண்டது. ஆனால் வரிசையில் அடுத்தடுத்து வரும் கூட்டாளிகள் ஒரே நேரத்தில் நகரலாம் என்று தளர்த்தியது. 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் போர் தானாக ஓடும், வேண்டும்போது நிறுத்திக் கட்டளை கொடுக்கலாம். தனியாக ஆடினால் அருமையான முறை. ஆறு பேர் சேர்ந்து ஆடும்போது யார் நிறுத்துவது? ஒருவர் நிறுத்த, இன்னொருவர் ஓட்ட, ஆட்டம் திக்கித் திக்கிப் போகும்.

நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் உலகத்தில் இரண்டுமே நடக்காது. அங்கே முறை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கிறது. ரூன்ஸ்கேப் ஆட்டத்தின் உலகம் 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று ஓடுகிறது. நீங்கள் எப்போது கிளிக் செய்தாலும் அது அடுத்த துடிப்பில்தான் கணக்கில் வரும். இதனால் ஒரு நன்மை: ஒருவருடைய இணையம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே இடத்தில் மோதும் ஈவ் ஆன்லைன் ஆட்டத்தில் சர்வர் திணறும்போது ஆட்டத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வரை மெதுவாக்கிவிடுகிறார்கள். "கொஞ்சம் பொறுங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று மேசையில் மாஸ்டர் கை காட்டுவாரே, அதே வேலை.

முறையைக் கைவிட்டால் அதனோடு சேர்ந்த விதிகளும் உடையும். "எதிரி உங்களை அடிக்க வரும்போது கேடயத்தை உயர்த்தலாம்" என்பது போன்ற எதிர்வினை விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் "இரு, நான் கேடயம் எடுக்கறேன்" என்று குறுக்கிட்டுச் சொன்னால் போதும். நிகழ்நேர ஆட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கேள்வி கேட்டு நிறுத்த முடியாது. "என் உயிர் பாதிக்குக் கீழே போனால் தானாகச் செய்" என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அல்லது அதையே ஒரு பொத்தானாக்கி, சரியான தருணத்தில் அழுத்துவதை ஆட்டக்காரரின் கைத்திறனுக்கு விட்டுவிடலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் தாளில் இருந்த திறமை விரலுக்கு மாறிவிடுகிறது என்பதைத் தெரிந்தே தேர்ந்துகொள்ளுங்கள். தாளில் வேகம் 18 என்று எழுதியிருந்தும், விரல் மெதுவாக இருப்பதால் தோற்பவருக்கு அது நியாயமாகப் படாது.

ஒரு ராத்தூக்கம் செய்யும் வேலை

ஒரே ஒரு விதியை மட்டும் ஆழமாகப் பார்க்கச் சொன்னால் நான் ஓய்வு விதியைத்தான் காட்டுவேன்.

மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று எண்ணிக்கை உண்டு. தீர்ந்தால் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால்தான் திரும்ப வரும். வாளுக்கு இந்த வரம்பு இல்லை. அதனால் மந்திரவாதி எப்போதும் "இப்பவே போடலாமா, பெரியவன் வர்றதுக்கு வெச்சுக்கலாமா?" என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அந்தத் தயக்கம்தான் இந்த விதியின் உயிர்.

ஆனால் முதல் அறையிலேயே எல்லா மந்திரத்தையும் வீசிவிட்டு "சரி, தூங்கலாம்" என்று சொல்வதைத் தடுப்பது எது? புத்தகம் ஓரளவுதான். பெரும்பாலும் மாஸ்டர்தான். "ராத்திரி ஓநாய்ச் சத்தம் கேக்குது." "நீங்க தூங்கின நேரத்துல கைதியை வேற கோட்டைக்குக் கொண்டுபோயிட்டாங்க." இப்படி இரண்டு தடவை நடந்தால் யாரும் கண்ட இடத்தில் தூங்க மாட்டார்கள். விதியை அப்படியே ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் இந்தக் காவல் இல்லை; ஒவ்வொரு அறைக்குப் பின்னும் தூக்கம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு குழு எட்டு மணி நேரம் தூங்குகிறது என்பதற்காகப் பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களின் பொழுதை எட்டு மணி நேரம் தள்ளிவைக்க முடியாது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் மந்திர எண்ணிக்கையை எடுத்துவிட்டு மந்திரப் புள்ளிகளை வைத்தது. புள்ளிகளை நிரப்பிக்கொள்ள நிலவறைக்குள் சில இடங்களில் மட்டும் ஓய்வு மாடங்கள். எங்கே தூங்கலாம் என்ற முடிவை மாஸ்டரிடமிருந்து வரைபடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2013-இல் வந்த நெவர்வின்டர், 2008-இல் வெளியான நான்காம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. அந்தப் பதிப்பில் எப்போதும் செய்யலாம், ஒரு சண்டைக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று மூன்று வகைத் திறன்கள். ஆன்லைனில் 'ஒரு சண்டைக்கு ஒரு தடவை' என்பது சில விநாடிக் கூல்டவுன், அதாவது மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம் ஆனது. 'ஒரு நாளைக்கு ஒரு தடவை' என்பது சண்டை போடப் போட நிரம்பும் ஒரு மீட்டர் ஆனது. சுறுசுறுப்பாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு: சேமித்து வைக்கும் தயக்கம் அதில் பெரும்பாலும் போய்விட்டது. மீட்டர் நிரம்பியதும் வீசிவிடலாம், எப்படியும் மறுபடி நிரம்பும். பால்டர்ஸ் கேட் 3 வேறு பாதையில் போனது. அங்கே முழு ஓய்வுக்கு உணவுப் பொருள்கள் தேவை. வழக்கமான கடின அளவில் 40 புள்ளி மதிப்புக்குச் சேர்த்தாக வேண்டும். தூக்கத்துக்கு விலை வைத்ததால் தயக்கம் திரும்ப வந்தது.

மூன்று ஆட்டங்கள், ஒரே விதி, மூன்று பதில்கள். எது சரி என்பதல்ல கேள்வி. அந்த விதி மேசையில் என்ன உணர்வைக் கொடுத்தது, அதில் எதை நீங்கள் காப்பாற்ற நினைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறுகிறது.

ஆயிரம் நாயகர்கள்

மேசையில் உலகமே நான்கு பேருக்காகக் காத்திருக்கும். ஆன்லைனில் அப்படி இல்லை. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனுக்காக ஓர் அழகான திட்டம் வைத்திருந்தார்கள். புல்லை மான் தின்னும், மானை ஓநாய் தின்னும். மான் குறைந்தால் பசித்த மிருகங்கள் ஊர்ப்பக்கம் வரும். ஒரு மாஸ்டர் கையில் இது எத்தனை கதைகளைத் தந்திருக்கும்! ஆனால் உள்ளே வந்த கூட்டம் கண்ணில் பட்ட உயிர்களையெல்லாம் அவை பெருகும் வேகத்தைவிட வேகமாகக் கொன்று தீர்த்தது. சுழற்சி ஓடவே வாய்ப்பில்லாமல் போக, அந்த அமைப்பை எடுத்துவிட்டார்கள். நான்கு பேருக்குப் போதுமான காடு ஆயிரம் பேருக்கு ஒரு காலைப்பொழுதுக்குக்கூடக் காணாது.

லெவலிலும் இதே கதைதான். வாரம் ஒரு நாள் ஆடும் மேசையில் லெவல் 20-ஐத் தொட வருடங்கள் ஆகலாம். ஆன்லைனில் தினமும் ஆறு மணி நேரம் ஆடுபவர் இருப்பார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் வெளியானபோது உச்ச லெவலே 10தான். ஒவ்வொரு லெவலையும் சிறு சிறு படிகளாகப் பிரித்து ஏற்றத்தை நீட்டினார்கள். அப்புறம் நண்பர்கள் பிரிந்துபோகும் பிரச்சினை: ஒருவர் 30-ஆம் லெவல், இன்னொருவர் 5. மேசையில் மாஸ்டர் எல்லாரையும் சேர்த்தே ஏற்றிவிடுவார். 2004-இல் வந்த சிட்டி ஆஃப் ஹீரோஸ், லெவல் குறைந்தவரை அனுபவசாலியோடு சேர்த்து, அவருடைய லெவலுக்கு ஒரு படி கீழே வரை தற்காலிகமாக உயர்த்தியது. விதியை வளைத்து நட்பைக் காப்பாற்றிய அந்த முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கொண்டுவர முடியாதவை

சில விதிகள் வராது. மாயத்தோற்றம் உண்டாக்கும் மந்திரம், மனதை வசியம் செய்யும் மந்திரம், நினைத்ததைக் கேட்கும் வரம் எல்லாம் மாஸ்டரின் கற்பனையை நம்பியே எழுதப்பட்டவை. ஆன்லைனில் மாயத்தோற்றம் என்பது 'எதிரியின் கவனம் ஆறு விநாடிக்குத் திரும்பும்' என்று சுருங்கிவிடும். அது இழப்புதான். அந்த இழப்பை ஒத்துக்கொண்டு, அதன் இடத்தில் சர்வரால் நன்றாகச் செய்யக்கூடிய ஒன்றை வைப்பதே நல்லது.

இழக்க மனமில்லை என்றால் மனிதரை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். 2002-இல் வந்த நெவர்வின்டர் நைட்ஸ் ஆட்டத்தில் மாஸ்டருக்கென்றே தனி நிரல் இருந்தது. அதன் வழியாக அவர் ஓடிக்கொண்டிருக்கும் உலகத்துக்குள் நுழைந்து அரக்கர்களை இறக்கலாம், ஊர்க்காரர் வாயால் பேசலாம். ரசிகர்கள் அதை வைத்து நிரந்தர உலகங்களையே நடத்தினார்கள். 2004-இன் ஃபேண்டசி கிரவுண்ட்ஸ், 2012-இன் ரோல்20 போன்ற மெய்நிகர் மேசைகள் இன்னும் ஒரு படி மேல்: விதியில் எதையும் மாற்றாமல் பகடை, வரைபடம், கணக்கு ஆகியவற்றை மட்டும் கணினியிடம் கொடுத்துவிட்டு, தீர்ப்பை மனிதரிடமே விட்டுவிடுகின்றன. விதி மாற்றும் ஆசை உள்ள புதியவர்கள் முதலில் இங்கே சில மாதம் ஆடிப் பார்ப்பது நல்லது. கணினி எங்கே உதவுகிறது, எங்கே குறுக்கே நிற்கிறது என்பது கையிலேயே படிந்துவிடும்.

ஒரு பூட்டை மாற்றிப் பார்ப்போம்

பேசியதையெல்லாம் ஒரு சின்ன விதியில் பயன்படுத்திப் பார்க்கலாம். பூட்டிய பெட்டி, அதைத் திறக்க முயலும் திருடர். மேசையில் பகடையோடு திறமையைக் கூட்டி 15 வந்தால் பூட்டு திறக்கும்.

முதல் கேள்வி: தவறினால் மறுபடி முயலலாமா? மேசையில் மாஸ்டர் "வெளியே காலடிச் சத்தம்" என்று சொல்லி அந்தக் கேள்வியையே எழவிடாமல் செய்வார். ஆன்லைனில் ஆட்டக்காரர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். எப்படியும் ஒரு நேரம் 15 வந்துவிடும். அப்படியானால் பகடைக்கே அர்த்தமில்லை. இந்தச் சிக்கல் மேசையிலேயே தெரிந்ததுதான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு, அவசரமும் ஆபத்தும் இல்லாத இடத்தில் இருபது மடங்கு நேரம் செலவழித்து 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி தந்தது. ஆன்லைனுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும்: ஆபத்தில்லாத பூட்டுக்குப் பகடையே வேண்டாம், திறமை போதுமா என்று மட்டும் பாருங்கள்.

ஆபத்துள்ள பூட்டு என்றால் ஒவ்வொரு முயற்சிக்கும் விலை வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-இல் தவறினால் கருவி ஒன்று வீணாகும். சத்தம் என்று ஓர் எண் வைத்து, அது நிரம்பினால் காவலர் வருவார் என்றும் வைக்கலாம். மாஸ்டரின் காலடிச் சத்தம் அப்படி ஒரு மீட்டராக மாறிவிடும்.

அடுத்து, குழுவில் நான்கு பேர். ஒருவர் தவறினால் மற்ற மூவரும் வரிசையாக முயல்வார்களா? அப்படி விட்டால் திருடர் என்ற பாத்திரத்தின் பெருமை போய்விடும். ஆகவே சத்தக் கணக்கு ஆளுக்கு இல்லை, பூட்டுக்கு. பெட்டி திறந்ததும் உள்ளே இருப்பது யாருக்கு? மேசையில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முகம் தெரியாத நால்வர் என்றால் ஆளுக்குத் தனித்தனியாகப் பொருள் கொடுப்பதே சண்டையில்லாத வழி. அப்புறம், அடுத்த குழு வந்தால் அதே பெட்டி மறுபடி பூட்டியிருக்க வேண்டுமா என்றும் முடிவு செய்ய வேண்டும். ஒரே வரியில் இருந்த விதி இப்போது அரைப் பக்கம் ஆகிவிட்டது. பயப்பட வேண்டாம், இதுதான் இயல்பான அளவு.

இந்த அரைப் பக்கத்தை நிரலாக எழுதுவதற்கு முன்னால் காகிதத்தில் ஆடிப் பாருங்கள். நண்பர்கள் நால்வரை மேசையில் உட்கார வையுங்கள், நீங்கள் மாஸ்டர். ஒரே நிபந்தனை: எழுதி வைத்ததைத் தவிர வேறெதுவும் நீங்கள் சொல்லக் கூடாது. யாராவது "சரவிளக்கை அறுக்கலாமா?" என்று கேட்டால், எழுதியிருந்தால் ஆமாம், இல்லையென்றால் மௌனம். வாயைத் திறக்க வேண்டும் என்று தோன்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் நோட்டில் முப்பது வரியாவது சேர்ந்திருக்கும். மறுநாள் முதல் வரியிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.